கிளாட்டை இன்னொரு முறை எழுதலாமா? மலையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டை எழுதி, ரேங்க் பார்த்து, "திரும்ப எழுதலாமா, கிடைக்கிறதில் சேர்ந்துவிடலாமா" என்று வீட்டில் பேசிப் பேசி ஓய்ந்துபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பிக்காக இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நிறைய அலைந்தோம். கோத்தகிரியில் விசாரிக்க ஆள் கிடைக்கவில்லை. கீழே போய்க் கேட்டால், பயிற்சி மையத்தில் கட்டண அட்டையை நீட்டிக்கொண்டே "கண்டிப்பா எழுதணும்" என்றார்கள். சொந்தக்காரர்களோ "ஒரு வருஷம் வீணாப் போயிடும்" என்றார்கள். இந்த இரண்டு தரப்பிலும் ஒருவர்கூட "கேள்வித்தாளைக் கொண்டு வா, எங்கே விட்டாய் என்று பார்ப்போம்" என்று சொல்லவில்லை. முடிவு அந்தத் தாளில்தான் இருக்கிறது. மீதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நீலகிரியை வைத்து எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கத்தவர்கள் கோயம்புத்தூர் என்று வரும் இடத்தில் மதுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

1. டிசம்பரில் முடிவெடுக்காதீர்கள்

கிளாட் இப்போது டிசம்பர் முதல் ஞாயிறன்று நடக்கிறது. 2024-ல் டிசம்பர் 1, 2025-ல் டிசம்பர் 7. அதாவது பிளஸ் டூ படிக்கும்போதே முதல் முறை எழுதிவிடுகிறீர்கள். பொதுத்தேர்வு மார்ச்சில். ரேங்க் சரியில்லை என்று டிசம்பரிலேயே "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று முடிவுகட்டினால் முதலில் அடி வாங்குவது பிளஸ் டூ மதிப்பெண்தான். கிளாட்டுக்கே பிளஸ் டூவில் 45 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40. அதைவிட முக்கியமாக, தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உங்கள் மாற்று வழி முழுக்க அந்தப் பொதுத்தேர்வில் நிற்கிறது.

முடிவெடுக்க வேண்டிய காலம் மே, ஜூன். அதற்குள் பிளஸ் டூ முடிவு கையில் இருக்கும், கிளாட் கலந்தாய்வின் சுற்றுகளும் ஓரளவு தெளிந்திருக்கும். 2025-ல் விடைக்குறிப்பு பற்றிய வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய் மே மாதம்தான் தீர்ந்தது. கலந்தாய்வே அதற்கு அப்புறம்தான் நகர்ந்தது. ஜனவரியிலேயே மனம் ஒடிந்துபோனவர்கள் ஐந்து மாதம் வீணாகக் கவலைப்பட்டார்கள்.

இன்னொன்று. ட்ராப் எடுத்தால், அதாவது எங்கும் சேராமல் வீட்டிலிருந்தே மறுமுறைக்குத் தயாரானால், படிப்பதற்கு ஒரு முழு வருஷம் கிடைக்கும் என்று நினைக்கிறோம். மே முதல் டிசம்பர் முதல் வாரம் வரை எண்ணிப் பாருங்கள், ஏழு மாதம்தான். கல்லூரிக்குப் போவது மட்டும் ஒரு வருஷம் தள்ளும்.

2. கேள்வித்தாளை எடுத்து வைத்து உட்காருங்கள்

கேள்வித்தாளையும் விடைத்தாள் நகலையும் பத்திரமாக வைத்திருங்கள். தாள் இப்படி: 120 கேள்வி, இரண்டு மணி நேரம், சரிக்கு 1 மதிப்பெண், தவறுக்கு 0.25 கழிவு. ஆங்கிலம் 22 முதல் 26 கேள்வி, நடப்புச் செய்தியும் பொது அறிவும் 28 முதல் 32, சட்டத் தர்க்கம் 28 முதல் 32, பொதுத் தர்க்கம் 22 முதல் 26, கணக்கு 10 முதல் 14. எல்லாமே பத்தியைப் படித்துப் பதில் சொல்வதுதான்.

இப்போது, விடைக்குறிப்பைப் பார்க்காமல், கடிகாரம் வைக்காமல், நடப்புச் செய்திப் பகுதியை விட்டுவிட்டு மற்ற நான்கு பகுதிகளையும் மறுபடி போடுங்கள். விடைக்குறிப்பை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றால் பழைய ஆண்டுத் தாள் ஒன்றை எடுத்து முதலில் நேரம் வைத்து, தொடாமல் விட்ட கேள்விகளை அப்புறம் நேரமில்லாமல் போடுங்கள். கிளாட் நடத்தும் கூட்டமைப்பின் இணையதளத்தில் பழைய தாள்கள் இலவசமாகவே கிடைக்கும், யாரிடமும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். நேரம் போதாமல் விட்டது என்றால் 'நே'. பத்தி புரியாமல் தவறியது என்றால் 'பு'. தெரியாது என்றால் 'தெ'. தம்பியின் தாளில் கணக்குப் பகுதி முழுக்க 'நே' விழுந்தது. சட்டத் தர்க்கத்தில் ஒரு பத்தியைப் பென்சிலால் கோடு கோடாக அடித்து வைத்திருந்தான். அங்கேயே நேரம் போய், கடைசியில் இருந்த கணக்கைத் தொடவே இல்லை. வீட்டில் உட்கார்ந்து போட்டபோது அதில் பெரும்பாலானவை வந்துவிட்டன. விகிதம், சதவீதம், சராசரி, எல்லாம் பத்தாம் வகுப்புக் கணக்கு.

இதிலிருந்து முடிவுக்கு வருவது இப்படி:

'நே' அதிகம் என்றால் மறுபடி எழுதலாம். வேகமும் எந்தப் பகுதியை முதலில் எடுப்பது என்பதும் பயிற்சியில் மாறக்கூடியவை.

'தெ' பெரும்பாலும் நடப்புச் செய்தியில்தான் விழும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. போன வருஷம் படித்த செய்தி இந்த வருஷம் உதவாது. எல்லாரும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள், ட்ராப் எடுத்தவருக்கு இந்தப் பகுதியில் இருக்கும் ஒரே கூடுதல் வசதி தினமும் படிக்க நேரம். அந்தப் பழக்கம் வருமா என்று உங்களுக்கே தெரியும்.

'பு' அதிகம் என்றால் யோசியுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். நேரம் தாராளமாகக் கொடுத்தும் பத்தி பிடிபடவில்லை என்றால், ஏழு மாதத்தில் அது பெரிய அளவில் மாறும் என்று நான் நம்பவில்லை. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளால் முடியாது என்று சொல்லவில்லை. வாசிப்பு வேகம் வர ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கலாம், அதைச் சட்டக் கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டேகூட வளர்க்கலாம். வீட்டில் உட்கார்ந்துதான் வளர்க்க வேண்டும் என்பதில்லை.

"அக்கா, எல்லாம் நெகட்டிவ்லதான் போச்சு" என்று தம்பியும் சொன்னான். ஏறக்குறைய எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், 16 கேள்வியில் சராசரியாக 4 சரி, 12 தவறு. 4-லிருந்து 3 போனால் 1. குருட்டு யூகம் உங்களைத் தூக்கிவிடவும் இல்லை, கவிழ்க்கவும் இல்லை. 78 சரி, 32 தவறு என்றால் 70 மதிப்பெண். அந்த 32-ல் கழிந்தது 8. ஆனால் அவற்றைச் சரியாகப் போட்டிருந்தால் வந்திருக்க வேண்டியது 32. ஓட்டை எது என்று தெரிகிறதா? "இந்த முறை யூகிக்காமல் விட்டால் போதும்" என்பதை நம்பி ட்ராப் எடுக்காதீர்கள்.

போன வருஷ ரேங்க்கையும் இந்த வருஷ ரேங்க்கையும் மதிப்பெண்ணால் ஒப்பிடுவதும் வீண். தாள் எளிதானால் எல்லாருக்கும் மதிப்பெண் ஏறும். நடுப்பகுதியில் ஒரு மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கணக்கான ரேங்க் நகரும். அதனால் "இன்னும் பத்து மதிப்பெண் எங்கிருந்து வரும்" என்று கேள்வி எண்ணோடு சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஆசை மட்டும்தான் இருக்கிறது.

விடைக்குறிப்பில் தவறு இருப்பதாகத் தோன்றினால் ஆட்சேபம் எழுப்பலாம், ஒரு கேள்விக்கு 1,000 ரூபாய், ஏற்றுக்கொண்டால் திரும்ப வரும். கெடு மிகக் குறுகியது, விடைக்குறிப்பு வந்த நாளே பார்த்துவிடுங்கள்.

3. கையில் இருப்பது என்ன?

கலந்தாய்வில் இடம் ஒதுக்கினால் ஃப்ரீஸ், ஃப்ளோட், எக்சிட் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஃப்ளோட் என்றால் இதை வைத்துக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருப்பது. ஒன்றும் சொல்லாமல் விட்டால் கலந்தாய்விலிருந்தே வெளியே போய்விடுவீர்கள். மலையில் நெட் போன நாளில்தான் கெடு முடியும். கீழே இருக்கிற உறவுக்காரர் ஒருவரிடம் உள்நுழைவு விவரத்தைக் கொடுத்து வைப்பது நல்லது.

திருச்சி தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் நம் மாநிலத்தவருக்குத் தனி இடங்கள் உண்டு. அகில இந்திய ரேங்க்கை மட்டும் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பல்கலைக்கழகம் முந்தைய ஆண்டில் எந்தப் பிரிவுக்கு எந்த ரேங்க்கில் மூடியது என்பதைக் கடைசிச் சுற்றுப் பட்டியலில் பாருங்கள், முதல் சுற்றுப் பட்டியலைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அடுத்து தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். சென்னையில் அதன் சீர்மிகு சட்டப் பள்ளி, அதோடு கோயம்புத்தூர், மதுரை, திருச்சி, சேலம், தேனி என்று அரசு சட்டக் கல்லூரிகள். நீலகிரிக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர், கொடைக்கானலுக்குத் தேனியும் மதுரையும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளி என்றால், மறுமுறை கிளாட் என்று பேசுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

நீங்கள் எதற்காகச் சட்டம் படிக்கிறீர்கள் என்பதும் இங்கே வருகிறது. பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவு, பெருநகரச் சட்ட நிறுவனம் என்றால் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் வளாக வேலைவாய்ப்பு நிஜமாகவே வித்தியாசம் செய்யும். ஊட்டி நீதிமன்றத்தில் வக்கீலாக வேண்டும் என்றால், எங்கே படித்தாலும் அதே பார் கவுன்சில் பதிவு, அதே அகில இந்திய பார் தேர்வுதான். நீதிபதியாக வேண்டும் என்றால் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மூன்றாண்டு வக்கீல் அனுபவத்தை மறுபடி கட்டாயமாக்கிவிட்டது. அந்த வழியில் ட்ராப் எடுக்கும் ஒரு வருஷமும் சேர்ந்து தள்ளிப்போகும்.

4. பணம்

மறுமுறைக்கு விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினர் உள்ளிட்டோருக்கு 3,500. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் கிளாட்டில் இல்லை, அதற்கு ஐலெட் என்று தனித் தேர்வு, தனிக் கட்டணம். மறுமுறை எழுதுவதே ஒரு தேர்வை மட்டும் நம்பி என்றால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாடத்தில் பெரும்பகுதி பொதுவானதுதான்.

பயிற்சிக்கு ஆகும் செலவு விரிந்து கிடக்கிறது. ஆன்லைன் என்றால் சில ஆயிரத்திலிருந்து, நேரடி வகுப்பு என்றால் லட்சம் வரைகூட. நேரடி வகுப்புக்குக் கோயம்புத்தூரில் தங்க வேண்டும், அந்த விடுதி வாடகையையும் சாப்பாட்டையும் பயிற்சி மையத்துக்காரர் சொல்ல மாட்டார். முதல் முறை எழுதியவருக்கு வகுப்பைவிட மாதிரித் தேர்வுகள்தான் தேவை. மாதிரித் தேர்வுத் தொகுப்பு மட்டும் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். "முழுப் பணமும் கட்டினால் தள்ளுபடி" என்பதற்குத் தலையாட்டும் முன், இடையில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். எங்களிடம் வாய்வார்த்தையாக ஒன்று சொல்லி, ரசீதின் பின்பக்கம் வேறொன்று அச்சடித்திருந்தார்கள்.

கலந்தாய்வுப் பதிவுக்கு 2025 சேர்க்கையில் பொதுப்பிரிவுக்கு 30,000, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 20,000 கேட்டார்கள். சேர்ந்தால் கட்டணத்தில் கழியும். தொகை மாறக்கூடியது, அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பாருங்கள். வழக்கு எதுவும் குறுக்கே வராத வருஷத்தில் இது டிசம்பர், ஜனவரியில் வந்து நிற்கும். பச்சைத் தேயிலை போடுகிற வீடுகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, உறைபனி விழுந்து கொழுந்து குறைந்து, ஃபேக்டரியிலிருந்து வரும் பணமும் சுருங்கும் நேரம் அது. அக்டோபர், நவம்பர் இலைப் பணத்திலேயே ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, இடம் கிடைத்தால் ஐந்து வருஷம் கட்ட வேண்டியதையும் இப்போதே பேசிவிடுங்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்குக் குறைவது அரிது. அரசு சட்டக் கல்லூரிக் கட்டணம் சில ஆயிரத்தோடு முடியும். கடன் வாங்கியாவது கட்டத் தயாரில்லாத வீட்டில் மறுமுறை எழுதி நல்ல ரேங்க் வாங்கினாலும் அது பயன்படாது.

5. சேர்ந்துகொண்டே எழுதலாமா?

எழுதலாம். கிளாட்டுக்கு வயது உச்சவரம்பு இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு டிசம்பரில் எழுதுவதுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு நல்ல வழி என்பது என் எண்ணம். 'நே' அதிகமாக இருந்த பிள்ளைக்கு ஏழு மாதம் முழு நேரப் படிப்பு தேவைப்படுவதில்லை. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரத் தகுதியுள்ள பிள்ளைகளுக்கு, கல்லூரியில் இருந்தால்தான் அதுவும் வரும்.

ஆனால் மூன்று விஷயத்தைச் சேர்வதற்கு முன்பே கேளுங்கள். டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளுமா, இடையில் போனால் எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள்? நின்றுபோகிறவர்களிடம் மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கேட்கிறார்களா? தனியார் கல்லூரிகளில் இதை முக்கியமாகக் கேளுங்கள். வருகைப்பதிவு எவ்வளவு கறார்? கிளாட்டில் இடம் கிடைத்தால் அங்கே முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும், இங்கே படித்த வருஷம் கணக்கில் வராது. அசல் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் ஜூனில் இன்னொரு வாசலில் நிற்பது கொடுமை.

முழு ட்ராப் என்றால் டி.சி.யைப் பள்ளியிலிருந்து வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு சேரும்போது "இடைப்பட்ட காலத்தில் வேறு எங்கும் சேரவில்லை" என்று முத்திரைத்தாளில் நோட்டரியிடம் உறுதிமொழி கேட்கலாம்.

6. சான்றிதழ்கள்

விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறந்து அக்டோபர், நவம்பர் வரை போகும். சான்றிதழ் வேலையை ஜூலையிலேயே தொடங்குங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, பிற்படுத்தப்பட்டோர் என்றால் மத்திய அரசு வடிவிலான ஓ.பி.சி. சான்று. இவற்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேலே போகும். பழங்குடியினர் சான்று மட்டும் தாசில்தாரோடு முடியாது, கோட்டாட்சியர்தான் தருவார். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகள் அதனால் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பத்தவர்கள் தாத்தா, பாட்டியின் பழைய காகிதங்களையும் நகலெடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் இருப்பிடச் சான்றுக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் இருக்கும்.

போன வருஷச் சான்று இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஓ.பி.சி. சான்று வருமானத்தோடு சேர்ந்தது, எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது வேண்டும் என்று அறிவிப்பில் பாருங்கள். பெயரின் முன்னெழுத்து பத்தாம் வகுப்புப் பட்டியலிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மாநில ஒதுக்கீட்டுக் கட்டத்தை விண்ணப்பத்தில் டிக் செய்யாமல் விட்டால் கடைசித் தேதிக்கு அப்புறம் திருத்த வழி தேடி அலைய வேண்டியிருக்கும்.

7. மலையில் உட்கார்ந்து படிப்பது

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பரில், அதாவது தேர்வுக்கு முந்தைய கடைசி ஓட்டத்தில் படுத்தும். ஆன்லைன் வகுப்பை மட்டும் நம்பினால் இந்த மாதங்கள் கை நழுவும். மாதிரித் தாள்களை முன்கூட்டியே அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வே தாளில்தான், வட்டத்தைப் பேனாவால் நிரப்ப வேண்டும், திரையில் பயிற்சி செய்தவர்களுக்கு அதில் நேரம் போகிறது. பிற்பகல் 2 முதல் 4 வரை என்ற தேர்வு நேரத்திலேயே மாதிரித் தேர்வையும் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம், குளிரில், தூக்கம் வருகிற நேரம் அது.

ஆங்கில நாளிதழுக்கு நூலகம் போதும்.

8. தேர்வுக்கு இறங்குவது

தேர்வு மைய ஊராகக் கோயம்புத்தூரை முதலில் போடுங்கள். தேதி பருவமழையின் வாலில் விழுகிறது. 2023 டிசம்பர் 3 தேர்வன்று மிக்ஜாம் புயல் சென்னையை நெருங்கிக்கொண்டிருந்தது, 2024 டிசம்பர் 1-க்கு முந்தைய இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. நமக்குப் புயலே வர வேண்டாம், ஒரு நல்ல மழை போதும், குன்னூர் பாதையில் பர்லியாறு பக்கமோ கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனை பக்கமோ ஒரு மரம் விழுந்தால் பேருந்து நின்றுவிடும். மலை ரயிலை இந்த மாதத்தில் கணக்கிலேயே எடுக்காதீர்கள், மண் சரிவு என்றால் முதலில் அதைத்தான் நிறுத்துவார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே இறங்கிவிடுங்கள். மாலை பஸ் பிடிக்கலாம் என்று வைத்துக்கொண்டால், பாதை அடைபட்டால் மாற்றுப் பாதைக்கு நேரம் இருக்காது. காலையில் கிளம்பினால், குன்னூர் பாதை அடைபட்டால் கோத்தகிரி பாதை, அதுவும் அடைபட்டால் இருட்டுவதற்குள் வேறு வழி பார்க்கலாம். கூடலூர்க்காரர்கள் ஊட்டி வழியா, நிலம்பூர், பாலக்காடு வழியா என்று வெள்ளிக்கிழமையே முடிவுசெய்துகொள்ளுங்கள். தங்குமிடத்தைத் தேர்வு மையத்துக்குப் பக்கத்தில் பாருங்கள், காந்திபுரத்தில் மலிவாக இருக்கிறது என்று அங்கே எடுத்தால் மையம் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கக்கூடும். ஹால் டிக்கெட் வரும்வரை அறை போடாதீர்கள், வந்த அன்றே போட்டுவிடுங்கள். ஹால் டிக்கெட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை உங்களோடு வருகிறவர் பையில் வையுங்கள், அசல் அடையாள அட்டை பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்.